சனிக்கிழமைச் சம்பளமும் ஐந்து கிலோ அரிசிப் பையும்

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்): எங்களுக்குச் சொந்த ஊர் ஆண்டிபட்டிப் பக்கம். திருப்பூர் வந்து பத்து வருஷமாகிறது. கணவர் பனியன் கம்பெனியில் டெய்லர், நான் செக்கிங். மாமியார், ஒன்பதாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன் என்று வீட்டில் ஐந்து பேர். பிள்ளைகள் இருவரும் அரசுப் பள்ளி. மாமியாருக்குச் சர்க்கரை, மாத்திரை சாப்பிடுகிறார். சாப்பாட்டுச் செலவு மாதம் 15,000 ரூபாயைத் தொடுகிறது. காயைக் குறைத்தேன், முட்டையைக் குறைத்தேன், கையில் ஒன்றும் நிற்கவில்லை. ரேஷன் அரிசி இறங்க மாட்டேன் என்கிறது, கோழி வளர்க்கும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறேன். பாமாயில் கெடுதல் என்று வாங்குவதில்லை. மாமியாருக்கு ஓட்ஸ், சியா விதை கொடுக்கச் சொல்கிறார்கள், கட்டுப்படியாகவில்லை. பிள்ளைகளுக்குச் சத்துக் குறையாமல் செலவைக் குறைக்க வழி உண்டா? இரண்டு வாரக் கணக்கை இத்துடன் இணைத்திருக்கிறேன். — ஒரு வாசகி, திருப்பூர்.

பதில்: வணக்கம் சகோதரி. கணக்கோடு எழுதியதற்கு முதலில் நன்றி. ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் "எல்லாமே விலை ஏறிப்போச்சு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நீங்கள் பஃப்ஸ் வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் எனக்கும் பொதுவாகப் பேச வேண்டிய அவசியம் இல்லை, உங்கள் நோட்டை வைத்தே பேசலாம்.

இரண்டு வாரத்துக்கு மொத்தம் 7,400 ரூபாய். நான் பிரித்துப் பார்த்தது இப்படி வருகிறது. அரிசி 680, பருப்பு எண்ணெய் மசாலா என்று மளிகை 1,350, காய் கீரை பழம் 900, பாலும் தயிரும் 840, கறி மீன் முட்டை 1,150. இதுவரை 4,920. மீதி 2,480 எங்கே போனது? மாவு பாக்கெட் 270, பிள்ளைகளின் ஹெல்த் டிரிங்க் 290, பிஸ்கட் நூடுல்ஸ் சிப்ஸ் கூல்டிரிங்க்ஸ் 820, பேக்கரியில் பஃப்ஸ், ராத்திரி பரோட்டா, ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லி வாங்கிய பிரியாணி எல்லாம் சேர்த்து 1,100. அதாவது மூன்றில் ஒரு பங்கு, உங்கள் அடுப்பில் ஏறாத சாப்பாட்டுக்குப் போயிருக்கிறது. காய்க்கும் பழத்துக்கும் சேர்த்துச் செலவழித்ததைவிட பேக்கரிக்கும் பரோட்டாக் கடைக்கும் அதிகம் கொடுத்திருக்கிறீர்கள். நீங்கள் கத்தரிக்கோலை வைத்ததோ காயிலும் முட்டையிலும். அங்கே வெட்டி என்ன மிஞ்சும்?

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பரோட்டா வாங்கிய தேதிகளைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் "ஒன்றரை ஷிப்ட்" என்று நீங்களே சின்னதாக எழுதி வைத்திருக்கிறீர்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு நின்ற கால் வலியோடு வீட்டுக்குள் நுழைகிறவரிடம் போய் "வீட்டில் சமைத்தால் மலிவு" என்று சொல்வதற்கு ஒரு நிபுணர் தேவையில்லை. உங்களுக்குத் தேவை அந்த ராத்திரிக்கு முன்கூட்டியே ஒரு ஏற்பாடு. அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் சனிக்கிழமையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

சிக்கனம் சொல்லித்தருகிற எல்லோரும் மாதச் சம்பளக்காரர்களை மனதில் வைத்தே சொல்கிறார்கள். ஒன்றாம் தேதி லிஸ்ட் போடு, மொத்தமாக வாங்கு என்பார்கள். உங்கள் வீட்டில் ஒன்றாம் தேதி என்று ஒன்று கிடையாது, சனிக்கிழமைதான். அதனால் என்ன ஆகிறது? அரிசியை 5 கிலோ பையாக, கிலோ 68 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். எண்ணெய் ஒவ்வொரு பாக்கெட்டாக வருகிறது. சீரகம், மிளகு, கடுகு எல்லாம் பத்து ரூபாய் சரம். மல்லித்தூளும் அப்படியே. வாரச் சம்பளம் வாங்குகிற வீடு, மாதச் சம்பளக்கார வீடு சாப்பிடும் அதே சாம்பாரை அதிக விலைக்குச் சாப்பிடுகிறது.

இதற்கு என் யோசனை: மாத லிஸ்ட்டை நான்காக உடைத்து ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் ஒரு பெரிய பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சனிக்கிழமை அரிசி மூட்டை. இரண்டாவது வாரம் பருப்பு, பயறு வகைகள், எண்ணெய். மூன்றாவது வாரம் மிளகாய், மல்லி, சீரகம், புளி, உப்பு, டீத்தூள். நான்காவது வாரம் உளுந்து, நிலக்கடலை, சோப்பு சாமான். மற்றபடி அந்தந்த வாரம் காய், பால், முட்டை மட்டும். முதல் மாதம் செலவு குறையாது, சொல்லிவிடுகிறேன். மூட்டை வாங்கும் வாரம் முழி பிதுங்கும். இரண்டாவது மாதத்திலிருந்துதான் கையில் தெரியும்.

மூட்டை என்றதும் 26 கிலோ சிப்பத்தையே கேளுங்கள். 2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள, அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிப் பைகளுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி போட்டார்கள். அந்த எல்லையைத் தாண்டத்தான் ஆலைக்காரர்கள் 26 கிலோ போட ஆரம்பித்தார்கள். அந்த ஒரு கிலோ கூடுவதால்தான் வரி இல்லாமல் போகிறது. பக்கத்து வீட்டோடு சேர்ந்து ஒரு மூட்டை வாங்கி ஆளுக்குப் பாதி பிரித்துக்கொண்டாலும் சரி.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். ஷாம்பு, காபித்தூள் மாதிரிச் சில பொருள்களில் சின்ன சாஷே கிராம் கணக்கில் மலிவாக இருப்பதுண்டு. இப்போது பாக்கெட்டில் எம்ஆர்பி-க்குப் பக்கத்திலேயே ஒரு கிராமுக்கு என்ன விலை என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். எழுத்து பொடியாக இருக்கும். மகளைக் கடைக்குக் கூட்டிப்போய்ப் படிக்கச் சொல்லுங்கள்.

இப்போது ரேஷன். இங்கேதான் உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிக் கடையில் இந்த இரண்டுக்கு மட்டும் என்ன கொடுக்கிறீர்கள் என்று உங்கள் நோட்டிலேயே இருக்கிறது. அந்த வித்தியாசத்தில் அரை மாதத்து முட்டை வாங்கலாம்.

அரிசி சோறாக இறங்கவில்லை என்றால் பரவாயில்லை, இட்லிக்குக் கொடுங்கள். ரேஷன் புழுங்கல் அரிசி இட்லிக்கு நன்றாகவே வரும். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். அரிசியை மட்டும் தண்ணீர் தெளியும்வரை நாலைந்து தடவை நன்றாகக் கழுவி, ஐந்தாறு மணி நேரம் ஊறவிடுங்கள். வாடை போய்விடும். ஒரு கிலோ அரிசியும் கால் கிலோ உளுந்தும் போட்டால் மூன்று கிலோவுக்குக் குறையாமல் மாவு வரும். உங்கள் கைக்காசு உளுந்துக்கு மட்டும்தான். கடையில் அதே மூன்று பாக்கெட் 135 ரூபாய். பரணில் கிடப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அரசு கொடுத்த அந்த கிரைண்டரை இறக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டினால் புதன்வரை இட்லி தோசை, மீந்ததில் வெங்காயம் போட்டு ஊத்தப்பமோ பணியாரமோ.

ரேஷன் அரிசியில் இடையிடையே கொஞ்சம் வெள்ளையாக, வேறு மாதிரி சில மணிகள் கிடக்கலாம். பிளாஸ்டிக் அரிசி என்று சொல்லிப் பொறுக்கி எறிகிறார்கள். அவை இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டிய மணிகள், நூறுக்கு ஒன்று என்ற கணக்கில் கலப்பவை. கழுவும்போது மிதந்தால்கூட எறியாதீர்கள். வயதுக்கு வந்த பெண் இருக்கிற வீட்டில் அது வேண்டியதுதான்.

பாமாயிலைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதில் பாதி உண்மை. அதில் உறைகொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்) கடலை எண்ணெய், நல்லெண்ணெயைவிட அதிகம், சுமார் பாதி அளவு. அதனால் வீட்டு எண்ணெய் முழுக்க அதுவாக இருக்க வேண்டாம். ஆனால் நீங்கள் வாரா வாரம் வாங்கும் பிஸ்கட், நூடுல்ஸ், சிப்ஸ் பாக்கெட்டுகளைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் பாமாயில் என்றே எழுதியிருக்கும். 25 ரூபாய்க்கு வந்தபோது வாசலில் நிறுத்திவிட்டு, பிஸ்கட்டுக்குள் வந்தபோது உள்ளே விட்டிருக்கிறீர்கள். மாதம் ஒரு லிட்டர் ரேஷன் பாமாயிலைத் தாளிப்புக்கு வைத்துக்கொண்டு, மீதிக்குக் கடலை எண்ணெய் வாங்குங்கள். எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு என்பதுதான் பெரிய கேள்வி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு நாளைக்கு 27 கிராம் எண்ணெய் கொழுப்பு என்று ஒரு மாதிரித் தட்டு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஐந்து பேருக்கு மாதம் நாலரை லிட்டர் வருகிறது. உங்கள் நோட்டுப்படி ஆறு லிட்டர். அந்த ஒன்றரை லிட்டரை நிறுத்தினால் காசும் மிச்சம், மாமியாருக்கும் நல்லது.

சரி, ஒன்றரை ஷிப்ட் ராத்திரிக்கு வருவோம். ஆண்டிபட்டியிலிருந்து வந்து பத்து வருஷமாகியும் கொங்கு நாட்டு அரிசிம்பருப்பு சாதத்தை நீங்கள் எழுதவே இல்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டால் ஆளுக்கொரு பக்குவம் சொல்வார்கள். நான் சொல்வது களைத்துப்போய் வருகிறவருக்கான பக்குவம். ஞாயிற்றுக்கிழமையே ஒன்றரை டம்ளர் அரிசி, அரை டம்ளர் துவரம் பருப்பு, கொஞ்சம் மஞ்சள்தூள் என்று அளந்து மூன்று டப்பாவில் போட்டு வைத்துவிடுங்கள். ராத்திரி வந்ததும் ஒரு டப்பாவைக் கழுவி ஊறப் போட்டுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வாருங்கள். குக்கரில் எண்ணெய் விட்டு கடுகு, சீரகம், இரண்டு வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, உரித்த சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, ஐந்தாறு பல் பூண்டு, ஒரு தக்காளி போட்டு வதக்குங்கள். ஒரு ஸ்பூன் சாம்பார் பொடி, ஊறிய அரிசி பருப்பு, உப்பு, ஐந்தரை டம்ளர் தண்ணீர். ரேஷன் அரிசியென்றால் இன்னும் அரை டம்ளர் சேர்த்து ஊற்றுங்கள். நாலு விசில். குக்கர் அடங்கியதும் திறந்து ஒரு ஸ்பூன் நெய்யோ தேங்காயெண்ணெயோ விட்டுக் கிளறி இறக்கினால் வாசம் தெருவுக்குப் போகும். அப்பளமோ ஊறுகாயோ போதும். தயிர் இருந்தால் ராஜ சாப்பாடு. வெங்காயம் உரிப்பதுதான் இதில் மெனக்கெடு. அதை மாமியாரும் மகளும் டிவி பார்த்துக்கொண்டே செய்துவைக்கலாம். உங்கள் கணவரையும் ஒரு கை கொடுக்கச் சொல்லுங்கள், அவருக்கும் அதே ஷிப்ட்தான் என்றாலும்.

இன்னொரு ஏற்பாடு கொள்ளு. வாரம் ஒருநாள் ராத்திரி கால் கிலோ கொள்ளை ஊறப் போட்டு, காலையில் நிறையத் தண்ணீர் விட்டுக் குக்கரில் குழைய வேகவிடுங்கள். தண்ணீரைத் தனியாக வடித்து எடுத்துவிடுங்கள், அது ரசத்துக்கு. பருப்பை மிளகாய், மல்லி, சீரகம், வெங்காயம் வதக்கிச் சேர்த்துக் கடைந்தால் கொள்ளுப் பருப்பு. ஒரே அடுப்பில் சோற்றுக்கு இரண்டு. இதேபோல் பச்சைப்பயறு கடைசல், தட்டைப்பயறும் கத்தரிக்காயும் போட்ட குழம்பு. பயறு எதுவானாலும் ஊறவைத்துவிட்டு வேகவைத்தால் கேஸ் மிச்சம். புளியும் தக்காளியும் பயறு வெந்த பிறகுதான் சேர வேண்டும், முன்னாடியே போட்டால் எவ்வளவு விசில் விட்டாலும் முழித்துக்கொண்டு நிற்கும்.

புரதத்துக்கு உங்கள் காசு எங்கே போகிறது என்றும் பார்த்தேன். ஞாயிறு கறிக்கே வாரத்தின் பெரும்பகுதி போய்விடுகிறது. திங்கள் முதல் வெள்ளிவரை தக்காளி ரசம், உருளைக்கிழங்கு, அப்பளம். வளரும் பிள்ளைகளுக்கு ஒருநாள் விருந்தும் ஐந்து நாள் பட்டினியும் மாதிரித்தான் இது. துவரை, உளுந்து, கொள்ளு, பச்சைப்பயறு, பொட்டுக்கடலை எதை எடுத்தாலும் 100 கிராமில் 22 கிராம் சுமாருக்குப் புரதம் இருக்கிறது. நிலக்கடலையில் இன்னும் கொஞ்சம் அதிகம். ஒரு முட்டையில் 6 கிராம். முட்டை விலையை நாமக்கல்லில் தினம் நிர்ணயிக்கிறார்கள், அதனால் ஏறி இறங்கும், என்றாலும் கறிக்கு அது எப்போதும் மலிவு. நீங்கள் நிறுத்திய முட்டையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ கோழியை முக்கால் கிலோவாக்கி, உருளைக்கிழங்கோ முருங்கைக்காயோ சேர்த்துக் குழம்பு வையுங்கள். கோழி ஈரல் தனியாகக் கிடைத்தால் மாதம் இரண்டு தடவை மகளுக்காக வாங்குங்கள், இரும்புச்சத்து அதில் நிறைய.

மீனில் மத்தியும் நெத்திலியும் போதும். வஞ்சிரத்துக்குக் கொடுக்கும் காசில் மூன்று நாள் மத்தி வாங்கலாம், நல்ல கொழுப்பும் மத்தியில்தான் அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். அப்போது மீன் பக்கமே போகாமல் முட்டைக்கும் பயறுக்கும் மாறிக்கொள்ளுங்கள்.

காய் வாங்க பல்லடம் ரோட்டில் தென்னம்பாளையம் உழவர் சந்தை இருக்கிறது. 1999-இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்ததிலிருந்து நடைமுறை ஒன்றுதான்: அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயி நேரடியாக விற்பார், அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை விடியக் காலையில் போனால் தரமான காய். கொஞ்சம் வெயில் ஏறிய பிறகு போனால் மூட்டை கட்டுகிற அவசரத்தில் விலை இறங்கும். வாரத்துக்கு வாங்குவதென்றால் முதல் மூன்று நாளுக்குக் கீரை, வெண்டை, பீர்க்கை. அடுத்த நாட்களுக்குப் பூசணி, சுரைக்காய், முட்டைக்கோஸ், பீட்ரூட், கருணை. சீக்கிரம் வாடுவது முன்னால், தாங்குவது பின்னால், அவ்வளவுதான். பீர்க்கங்காய்த் தோலைத் துவையல் அரையுங்கள், முள்ளங்கிக் கீரையைப் பொரியல் செய்யுங்கள். முருங்கைக் கீரையைக் காசு கொடுத்து வாங்குகிற நிலைமை திருப்பூரிலும் வந்துவிட்டதா என்று உங்கள் நோட்டைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். காம்பவுண்டுக்குள் ஒரு போத்து நட இடம் இருக்கிறதா என்று வீட்டு உரிமையாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

எல்லாக் குழம்பிலும் தக்காளி போட்டே ஆக வேண்டும் என்றில்லை. 2023 ஜூலையில் கிலோ நூறைத் தாண்டியபோது எத்தனை வீட்டில் சமையலே ஓடவில்லை! புளிக்குழம்பு, மோர்க்குழம்பு, மிளகு ரசம், பருப்புத் துவையல் எதற்கும் தக்காளி தேவையில்லை. விலை ஏறினால் வாங்காமல் இருப்பது ஒரு சமையல் திறமை.

பிள்ளைகள் விஷயம். மகன் மூன்றாவது, அரசுப் பள்ளி. 2023 ஆகஸ்டிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் காலை உணவு போடுகிறார்கள். மதியம் சத்துணவு, பள்ளி நாட்களில் முட்டையோடு. ஆனால் நீங்கள் வீட்டிலும் தோசை சுட்டு ஊட்டி, ஹெல்த் டிரிங்க் கலந்து, மதியத்துக்கு எலுமிச்சை சாதம் கட்டிக்கொடுக்கிறீர்கள். "மத்தவங்க என்ன நினைப்பாங்க" என்ற ஒரு வரியும் கடிதத்தில் இருக்கிறது. மற்றவர்கள் நினைப்பதற்காக ஒரு முட்டையை இழக்க வேண்டாம். ஒரு நாள் அவன் டப்பா இல்லாமல் போகட்டும், என்ன சொல்கிறான் என்று கேளுங்கள். காலையில் ஒரு டம்ளர் பால் கொடுத்து அனுப்பினால் போதும். மகள் கதை வேறு. பத்தாவது வரை சத்துணவு உண்டு, ஆனால் பதினான்கு வயதில் தட்டை ஏந்தி வரிசையில் நிற்கக் கூச்சம் இருக்கும். வற்புறுத்தாதீர்கள். அவளுக்கு டப்பா கட்டுங்கள், ஆனால் அதில் ஒரு பயறோ முட்டையோ கட்டாயம் இருக்கட்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அவளுக்கு இப்போதே கீரை, கம்பு, கொள்ளு பழக வேண்டும். கூடவே அரை எலுமிச்சை பிழிந்தோ ஒரு பெரிய நெல்லிக்காய் கடித்தோ சாப்பிட்டால் இரும்பு உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் ஒட்டாது. அந்த வழக்கம் உங்களுக்கும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஹெல்த் டிரிங்கை இந்த டப்பா காலியானதும் நிறுத்துங்கள். 2024 ஏப்ரலில் ஒன்றிய வணிக அமைச்சகமே இந்த வகைப் பானங்களை "ஹெல்த் டிரிங்க்" என்ற தலைப்பின் கீழ் விற்கக் கூடாது என்று ஆன்லைன் கடைகளுக்குச் சொல்லிவிட்டது. உணவுச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. டப்பாவில் எழுதியிருக்கும் சர்க்கரை அளவைப் பார்த்தாலே தெரியும். பாலைத் தொடாதீர்கள், பால் இருக்கட்டும். ஆவினில் ஆரஞ்சு பாக்கெட்டில் 6 சதவீதம் கொழுப்பு, நீலத்தில் 3. புரதமும் கால்சியமும் ஏறக்குறைய ஒன்றுதான். உங்கள் வீட்டுக்கு நீலமே போதும். தயிர் பாக்கெட் வாங்குவதை விட்டுவிட்டு அதே பாலில் உறை ஊற்றுங்கள்.

சாயங்காலப் பசிக்கு என்ன? பிஸ்கட்டுக்குப் பதில் அவித்த நிலக்கடலை, சுண்டல், பொட்டுக்கடலையும் வெல்லமும், கடலை மிட்டாய். 820 ரூபாயை அப்படியே சுழியாக்கச் சொல்லவில்லை. பிள்ளைகள் பிள்ளைகள்தான். வாரம் ஒரு நூடுல்ஸ், ஆளுக்கு ஒரு பாக்கெட் அவர்கள் இஷ்டத்துக்கு, அவ்வளவே. உங்கள் கணவரின் பேக்கரி டீயும் இருக்கட்டும். பத்து மணிக்கும் நாலு மணிக்கும் மெஷினை விட்டு எழுந்து நடப்பதற்கு அது ஒரு சாக்கு. பஃப்ஸை மட்டும் நிறுத்தி, பையில் ஒரு டப்பா கடலை கொடுத்தனுப்புங்கள்.

மாமியாருக்கு ஓட்ஸ் வேண்டாம், சியா வேண்டாம், சர்க்கரை இல்லாத பிஸ்கட் என்று விற்பதும் வேண்டாம். அந்த பிஸ்கட்டிலும் மைதாதானே இருக்கிறது? சோற்றை நிறுத்திச் சப்பாத்தி கொடுத்தால் சர்க்கரை இறங்கும் என்பதும் பாதிக் கதை. அரிசியோ கோதுமையோ ராகியோ, எல்லாவற்றிலும் மாவுச்சத்து உண்டு, எவ்வளவு சாப்பிடுகிறார் என்பதுதான் கணக்கு. தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ பயறோ முட்டையோ என்று வையுங்கள். ராகியைக் கஞ்சியாகக் காய்ச்சினால் சீக்கிரம் சர்க்கரை ஏறும், களியாகவோ அடையாகவோ கீரை சேர்த்துக் கொடுங்கள். வெந்தயம் ஒரு ஸ்பூன் ஊறவைத்துச் சாப்பிடட்டும், ஆனால் அதை நம்பி மாத்திரையை விடக் கூடாது. சிக்கனம் என்று மாத்திரையிலோ அவர் சாப்பாட்டு நேரத்திலோ கை வைக்க வேண்டாம். சோற்றின் அளவு குறையும்போது மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில், மூலைக் கடையில் அக்கவுண்ட் ஓடுவதாகவும், கடைக்காரரே நடத்தும் தீபாவளி மளிகைச் சீட்டில் சேரச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நோட்டில் எழுதி வாங்குகிறவர் விலை கேட்பதில்லை, பேரமும் பேசுவதில்லை. அதனால் முதலில் பாக்கியைத் தீர்த்துவிட்டு ரொக்கத்துக்கு மாறுங்கள். இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். பதிவு இல்லாத சீட்டில் போட வேண்டாம். அதே காசை வாரம் 100 ரூபாயாகத் தபால் அலுவலகச் சேமிப்புக் கணக்கில் போட்டு வந்தால் அரிசி மூட்டைக்கு அவசரத்தில் கைகொடுக்கும்.

முதல் மாதம் எல்லாவற்றையும் மாற்றப் பார்க்காதீர்கள். கிரைண்டர், ரேஷன் பருப்பு, அரிசிம்பருப்பு டப்பா மூன்று. இவ்வளவுதான் இந்த மாதத்துக்கு. அரிசி மூட்டையையும் சனிக்கிழமைச் சுற்றையும் அடுத்த மாதம் ஆரம்பிக்கலாம். அந்த மாதக் கணக்கையும் இதேபோல் பஃப்ஸ் வரைக்கும் எழுதி அனுப்புங்கள், மாமியாரின் வெறும் வயிற்றுச் சர்க்கரை அளவையும் சேர்த்து.